பழைய நேரமா, புதிய நேரமா?

"நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு மூதூர் ஜெட்டியில நிற்பன்" என்று 2003ஆம் ஆண்டில் திருகோணமலையில் ஒருவர் சொன்னால், கேட்டவர் திருப்பி ஒன்று கேட்க வேண்டியிருந்தது: "பழைய நேரமோ, புதிய நேரமோ?"

அது வெறும் பேச்சுக்குக் கேட்ட கேள்வி அல்ல. 1996இல் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்சாரம் தட்டுப்பட்டது. மாலை வெளிச்சத்தை மிச்சம்பிடிக்க, மே 25ஆம் திகதி நள்ளிரவில் அரசு நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. கிரீன்விச் நேரத்துக்கு 5.30 முன்னால் இருந்த இலங்கை 6.30க்குப் போனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் திருப்பி எடுக்கப்பட்டு 6.00 ஆனது. அது ஏறக்குறைய பத்து ஆண்டு நிலைத்தது. 2006இல் சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, ஏப்ரல் 15இல், மீண்டும் 5.30.

விடுதலைப் புலிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை. தங்கள் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் 5.30ஐயே வைத்திருந்தார்கள். ஆகவே கொட்டியாரக் குடாவின் வடக்கே திருகோணமலை நகரமும் துறைமுகமும் புதிய நேரத்தில். தெற்கே சம்பூரும் அதற்கப்பால் ஈச்சிலம்பற்றும் பழைய நேரத்தில். ஒரே குடா, ஒரே சூரியன், அரை மணித்தியால வித்தியாசம். சூரியனைக் கேட்டால் இரண்டுமே பிழை என்று சொல்லும்: திருகோணமலை இருக்கும் தீர்க்கரேகைக்குரிய நேரம் கிரீன்விச்சுக்கு ஏறக்குறைய 5 மணி 25 நிமிடம் முன்னால்.

இந்த அத்தியாயம் மென்பொருளின் வடிவமைப்புக் கோலங்களைப் பற்றியது. கோலம் என்ற சொல்லை நான் வாசல் கோலத்திலிருந்து எடுக்கவில்லை. நம் கணிதப் பாடநூலில் எண் கோலங்கள் என்று படித்தோமே, அந்தப் பொருளில்தான்: திரும்பத் திரும்ப வரும் ஓர் ஒழுங்கு. இதைக் கற்பிக்கும் பிரபல நூல்கள் வாத்தையும் பீட்சாவையும் எடுத்துக்காட்டாகக் காட்டும். வாத்து கத்துவதற்கு ஒரு வகுப்பு, பறப்பதற்கு ஒரு வகுப்பு. படிக்கும்போது எல்லாம் விளங்கும். புத்தகத்தை மூடியதும், அந்த வாத்துக்கு ஏன் அவ்வளவு பாடு என்று கேட்கத் தோன்றும். காரணம் எளிது. அந்த வாத்தின் விடை சரியா பிழையா என்று சொல்ல யாருமில்லை. மணிக்கூட்டின் விடையைச் சரிபார்க்கலாம். எனவே கொட்டியாரக் குடாவை எடுத்துக்கொள்வோம்.

வேலை இதுதான்: கிரீன்விச் நேரத்தில் ஒரு கணத்தைக் கொடுத்தால், அந்தக் கணத்தில் திருகோணமலை மணிக்கூடு என்ன காட்டியது என்று சொல்ல வேண்டும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்தவர்களுக்குப் பைத்தன் பழக்கம். பைத்தனின் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்கும் வகுப்புகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மொழியின் கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இங்கே வாசிப்பதற்கு இலகுவாக அவற்றையும் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் செய்நிரல் அல்ல, சோதனை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் உடைந்தது 2004 டிசம்பர் 26, கிரீன்விச் நேரம் 00:58:53. அன்று இலங்கை 6.00இல் இருந்தது. ஆகவே திருகோணமலை நகரத்துச் சுவர் மணிக்கூட்டில் அப்போது 06:58:53.

சோதனை பூகம்பக்_கணம்:
    எதிர்பார் உள்ளூர்நேரம்("2004-12-26 00:58:53") == "06:58:53"

இப்போது, இன்றைய இலங்கையை மட்டும் தெரிந்த ஒருவர் எழுதக்கூடிய செய்நிரல்:

செயல் உள்ளூர்நேரம்(கணம்):
    திருப்பு கணம் + 5:30

ஓட்டிப் பார்த்தால்:

தோல்வி. எதிர்பார்த்தது 06:58:53, வந்தது 06:28:53

இது கற்பனைப் பிழை அல்ல. பூகம்பத்தின் கிரீன்விச் நேரத்தோடு இன்றைய 5.30ஐக் கூட்டி, 'இலங்கை நேரம் காலை 6.28' என்று எழுதத் தலைப்படுகிற எவருக்கும் வரக்கூடிய பிழை இது. ஒருமுறையேனும் நானும் அப்படிக் கூட்டியிருக்கிறேன்.

திருத்துவது கடினமில்லை. 'கணம் 1996 ஒக்டோபருக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடையில் எனில் 6.00' என்று ஒரு வரி போட்டால் சோதனை தேறும். ஆனால் திருகோணமலையின் வரலாறு 1996இல் தொடங்கவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின. துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. ஜப்பானியக் கடற்படை உலகின் எந்தக் கடலில் நின்றாலும் தோக்கியோ நேரத்தையே வைத்திருந்தது, கிரீன்விச்சுக்கு 9 மணித்தியாலம் முன்னால். இலங்கையோ போர்க்காலச் சிக்கனத்துக்காக அந்த ஆண்டு ஜனவரி 5இல் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்தள்ளி 6.00க்குப் போயிருந்தது. செப்டெம்பரில் இன்னோர் அரை மணித்தியாலம். 1945 ஒக்டோபரில்தான் 5.30க்குத் திரும்பியது. ஆகவே அந்த ஏப்ரல் காலையில் ஜப்பானியக் குறிப்பு ஒன்றில் 10.30 என்று இருந்தால், கோட்டையடியில் நின்றவரின் மணிக்கூட்டில் 7.30. இன்றைய வழக்கத்தை நம்பினால் 7.00 என்று எழுதுவோம். இருதரப்புக் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வரலாற்றாசிரியருக்கு அந்த அரை மணித்தியாலம் சின்ன விஷயமல்ல.

சோதனை விமானத்_தாக்குதல்_நாள்:
    கணம் = தோக்கியோவிலிருந்து("1942-04-09 10:30")
    எதிர்பார் உள்ளூர்நேரம்(கணம்) == "07:30"

இன்னும் ஒரு 'எனில்', இன்னும் ஒரு 'இல்லையெனில்'. செய்நிரல் ஏணி மாதிரி நீளும். நீளட்டும், அது குற்றமில்லை. பல எழுத்தாளர்கள் இந்த இடத்திலேயே கோலத்தைக் கொண்டுவந்து நுழைத்துவிடுவார்கள். நான் அவசரப்பட மாட்டேன். ஏழு வரி 'எனில்' ஏணியை ஏழு வகுப்புகளாக உடைப்பதில் யாருக்கும் இலாபமில்லை. சோதனை தேறுகிறது, வாசிக்க முடிகிறது, விட்டுவிடலாம்.

மூன்றாவது சோதனையில்தான் ஏணி சரிகிறது. சம்பூரில் அன்று என்ன நேரம்?

சோதனை சம்பூர்_பூகம்பக்_கணம்:
    எதிர்பார் உள்ளூர்நேரம்("2004-12-26 00:58:53") == "06:28:53"

முதல் சோதனை 'தோல்வி' என்று தள்ளிய அதே விடையைக் கவனியுங்கள். சம்பூருக்கு அதுதான் சரி. ஒரே கணம், ஒரே மாவட்டம், ஒரே செயல். ஒரு சோதனை 06:58 கேட்கிறது, மற்றது 06:28 கேட்கிறது. இரண்டையும் ஒருசேரத் தேற்றுவதற்கு 'எனில்' போதாது. கணத்தைப் பார்த்து முடிவெடுக்கும் செயலிடம் இப்போது 'யாருடைய மணிக்கூடு?' என்ற வேறு வகைக் கேள்வி வந்துவிட்டது. மணிக்கூட்டையும், மணிக்கூடு பின்பற்றும் விதியையும் இரண்டாகப் பிரித்தாக வேண்டும்.

வகுப்பு மாறாவிதி:
    தொடக்கம்(இடைவெளி): தன்.இடைவெளி = இடைவெளி
    இடைவெளி_சொல்(கணம்): திருப்பு தன்.இடைவெளி

வகுப்பு அட்டவணைவிதி:
    தொடக்கம்(வரிசை): தன்.வரிசை = வரிசை
    இடைவெளி_சொல்(கணம்):
        ஒவ்வொரு (முதல், இடைவெளி) தன்.வரிசையில்:
            கணம் >= முதல் எனில்: விடை = இடைவெளி
        திருப்பு விடை

வகுப்பு மணிக்கூடு:
    தொடக்கம்(விதி): தன்.விதி = விதி
    காட்டு(கணம்): திருப்பு கணம் + தன்.விதி.இடைவெளி_சொல்(கணம்)

மணிக்கூட்டுக்குத் தன் விதி எப்படிப்பட்டது என்று தெரியாது. 'இந்தக் கணத்துக்கு இடைவெளி என்ன?' என்று கேட்கத் தெரியும், அவ்வளவுதான். நகர மணிக்கூட்டுக்கு அட்டவணைவிதியைக் கொடுக்கிறோம், சம்பூர் மணிக்கூட்டுக்கு மாறாவிதியை 5:30 என்று கொடுக்கிறோம். மணிக்கூடு என்ற வகுப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அட்டவணை இது, எல்லாம் கிரீன்விச் நேரத்தில்:

1905-12-31 18:40:28 முதல் 5:30
1942-01-04 18:30 முதல் 6:00
1942-08-31 18:00 முதல் 6:30
1945-10-15 19:30 முதல் 5:30
1996-05-24 18:30 முதல் 6:30
1996-10-25 18:00 முதல் 6:00
2006-04-14 18:30 முதல் 5:30

இப்படிச் செய்வதற்கு 'ஸ்ட்ராடஜி' என்று பெயர்; தமிழில் உத்திக் கோலம் எனலாம். பெயரை இப்போதுதான் சொல்கிறேன் என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரை முதலில் சொல்லி, வரைபடம் போட்டு, பிறகு எடுத்துக்காட்டு தேடுகிற முறையில் படித்தவர்கள் நேர்முகப் பரீட்சையில் எல்லாக் கோலங்களின் பெயர்களையும் ஒப்புவிப்பார்கள். எங்கே அது வேண்டாம் என்று கேட்டால் விழிப்பார்கள். எந்தச் சோதனை அதை வரவழைத்தது என்று தெரிந்தவருக்கு, அந்தச் சோதனை இல்லாத இடத்தில் அது வேண்டாம் என்பதும் சொல்லாமலே தெரியும்.

அட்டவணையை ஏன் கிரீன்விச் நேரத்தில் எழுதினேன்? முதலில் உள்ளூர் நேரத்தில்தான் எழுதத் தோன்றும். இன்னொரு சோதனை அந்த ஆசையைக் கெடுக்கிறது. 2006 ஏப்ரல் 15, நள்ளிரவு தாண்டி அரை மணி ஆனபோது மணிக்கூடுகள் மறுபடி 00:00க்குத் திருப்பப்பட்டன. அந்த இரவில் 00:15 என்ற நேரம் இரண்டு முறை வந்தது.

சோதனை இரட்டைக்_கால்மணி:
    எதிர்பார் நகரம்.காட்டு("2006-04-14 18:15") == "2006-04-15 00:15"
    எதிர்பார் நகரம்.காட்டு("2006-04-14 18:45") == "2006-04-15 00:15"

இரண்டு வெவ்வேறு கணங்கள், ஒரே விடை, இரண்டும் சரி. மறுதலையும் உண்டு: 1996 மே 25இல் 00:30 என்ற நேரமே வரவில்லை. நள்ளிரவிலிருந்து மணிக்கூடு நேரே ஒரு மணிக்குத் தாவியது. இடைப்பட்ட அந்த ஒரு மணித்தியாலத்தில் பிறந்ததாக ஒரு பிறப்புப் பதிவு இருந்தால், எழுதியவர் மணிக்கூட்டைத் திருப்ப மறந்திருக்கிறார். சோதிடருக்கும் செய்நிரலருக்கும் இந்த இடத்தில் பிரச்சினை ஒன்றே.

உலகக் கணினிகளில் மிகப் பல நம்பியிருக்கும் நேரவலயத் தரவுத்தளம் ஒன்று உண்டு. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் தொடங்கியது. உங்கள் கைத்தொலைபேசியிலும் அதன் பிரதி இருக்கிறது. அதில் இலங்கைக்கு 'ஆசியா/கொழும்பு' என்ற ஒரே பதிவு. மேலே உள்ள அட்டவணையின் மாற்றங்கள் அனைத்தும் அதில் இருக்கின்றன. புலிகள் மாற்றத்தை ஏற்காத செய்தியும் இருக்கிறது, ஆனால் விதியாக அல்ல, குறிப்பாக. கணினி அந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடும்.

இங்கேயே இன்னொரு கோலத்தின் கதையும் முடிந்துவிடுகிறது. 'சிங்கிள்டன்', தனியன் என்பார்கள்: ஒரு வகுப்பிலிருந்து ஒரேயொரு பொருள்தான் உருவாகலாம், எல்லோரும் அதையே பயன்படுத்த வேண்டும். நாட்டுக்கு ஒரு மணிக்கூடுதானே, அதைத் தனியனாக வைத்தால் என்ன? வைத்துப் பாருங்கள். நகரச் சோதனை முதலில் ஓடினால் சம்பூர்ச் சோதனை தோற்கும். சம்பூர் முதலில் ஓடினால் நகரம் தோற்கும். ஒன்றின் எச்சம் மற்றதில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு நேரம் ஓடிய மாவட்டத்தில் ஒரே மணிக்கூடு என்று அடம்பிடித்தால் என்ன ஆகும் என்பதை மூதூர் ஜெட்டியில் காத்திருந்தவர்களிடம் கேட்டிருக்கலாம்.

கோலங்களை நூலாக்கிய நால்வரில் ஒருவரான எரிக் காமா, 2009இல் ஒரு பேட்டியில், மறுபடி எழுதினால் தனியனைத் தூக்கிவிடுவேன் என்ற பொருளில் சொன்னார். அந்த நூல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜோன்சன், ஜோன் விலிசிடிஸ் ஆகிய நால்வர் எழுதி 1994இல் வந்தது, 23 கோலங்கள். அதற்கு முன்பே, 1987இல், கென்ட் பெக்கும் வார்ட் கனிங்ஹாமும் இந்த எண்ணத்தை மென்பொருளுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுக்கு அது கிடைத்தது கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரிடமிருந்து. 1977இல் வந்த அவருடைய நூலில் வீடு, வீதி, முற்றம், சன்னல் என்று 253 கோலங்கள். அலெக்சாண்டரின் 1964 நூலில் நீண்ட எடுத்துக்காட்டாக வருவது ஓர் இந்தியக் கிராமம்: அதன் தேவைகளைப் பட்டியலிட்டு, எது எதோடு மோதுகிறது, எது எதோடு சேர்கிறது என்று பிரித்துக் காட்டியிருப்பார்.

காமாவும் பெக்கும் 1997இல் சூரிச்சிலிருந்து அத்திலாந்தாவுக்கு ஒரே விமானத்தில் போனார்கள். அந்தப் பயணத்தில் இருவரும் சேர்ந்து எழுதியதுதான் ஜேயுனிட் என்ற சோதனைக் கருவி. கோல நூலின் ஆசிரியரும் சோதனைக் கருவியின் ஆசிரியரும் ஒரே ஆள் என்பதைப் பாடத்திட்டம் வகுப்பவர்கள் கவனிப்பதில்லை. கோலம் ஒரு பாடம், சோதனை இன்னொரு பாடம், இரண்டுக்கும் இடையில் ஒரு தவணை விடுமுறை.

கோலங்கள் நிற்பது பொருள்நோக்கு முறையின் மேல். அது பிறந்த கதை கிண்ணியாக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். நோர்வேயில் ஒலே-யொஹான் டால், கிறிஸ்தன் நியூகோர் என்ற இருவர் 1960களில் சிமுலா என்ற மொழியை அமைத்தார்கள். நோக்கம், வரிசைகளையும் காத்திருப்புகளையும் கணினியில் நடித்துக் காட்டுவது. அவர்கள் சிந்தித்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று சுங்கச்சாவடி உள்ள ஒரு பாலம். அதில் வரிசையாக நிற்கும் லொறிகளும் பஸ்களும். லொறி வேறு, பஸ் வேறு, ஆனால் வரிசையில் நிற்பது என்ற குணம் இரண்டுக்கும் பொது. அந்தப் பொதுக் குணத்தை ஒருமுறை எழுதி இரண்டுக்கும் முன்னொட்டாக வைத்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து வந்ததுதான் இன்று மரபுரிமை என்று நாம் படிப்பது. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை கிண்ணியாத் துறையில் பாதை வரும்வரை நின்ற வாகன வரிசையும் இதே கணக்கு. தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு சொல்: இங்கே பாதை என்றால் வழி அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவை. டாலுக்கும் நியூகோருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது கிடைத்தது. 2002இல் சில வார இடைவெளியில் இருவரும் காலமானார்கள்.

இனி, இன்னொரு கோலத்துக்கு அந்த டிசம்பர்க் காலைக்கே திரும்ப வேண்டும்.

பூகம்பம் நடந்து ஏறக்குறையக் கால் மணித்தியாலத்தில், கிரீன்விச் நேரம் 01:14க்கு, ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் தன் முதல் அறிவிப்பை வெளியிட்டுவிட்டது. அந்த அறிவிப்பு பசிபிக் நாடுகளுக்கானது; பசிபிக்குக்கு ஆபத்தில்லை என்றது. இந்து சமுத்திரத்துக்கு அப்படியொரு எச்சரிக்கை ஏற்பாடே இருக்கவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையை அலை அடைய இரண்டு மணித்தியாலமளவு பிடித்தது. செய்தி சொல்பவர் இருந்தார், நேரமும் இருந்தது. செய்தி போய்ச்சேர வேண்டியவர் பட்டியலில் நிலாவெளியும் மூதூரும் இல்லை.

இந்தப் பட்டியலைச் செய்நிரலில் எழுதுவதுதான் 'ஒப்சர்வர்', நம் வழக்கில் அவதானிக் கோலம். அறிவிப்பவர் தன்னைக் கேட்பவர்கள் யார் யார் என்று முன்கூட்டி அறியத் தேவையில்லை. கேட்க விரும்புகிறவர் தன்னைப் பதிந்துகொள்கிறார். செய்தி வந்தால் பதிந்த ஒவ்வொருவரையும் அறிவிப்பவர் கூப்பிடுகிறார்.

வகுப்பு எச்சரிக்கை_மையம்:
    தொடக்கம்(): தன்.அவதானிகள் = []
    பதி(அவதானி): தன்.அவதானிகளில் சேர் அவதானி
    அறிவி(செய்தி):
        ஒவ்வொரு அவதானி தன்.அவதானிகளில்:
            அவதானி.கேள்(செய்தி)

நூல்களில் பாடம் இங்கே முடிந்துவிடும். இதைச் சோதிக்க உண்மைச் சைரனை ஊதவைக்க முடியாது, ஊரே ஓடும். ஆகவே ஒரு போலிச் சைரன்: தன்னைக் கூப்பிட்டார்களா என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். போலியைப் பதிந்தோம், அறிவித்தோம், அது கேட்டது. சோதனை தேறியது. ஆனால் ஊரில் நடப்பதைப் போல ஒரு சோதனை எழுதினால்?

சோதனை ஒரு_கம்பி_அறுந்தால்:
    மையம்.பதி(அறுந்த_தொலைபேசி)
    மையம்.பதி(போலிச்_சைரன்)
    மையம்.அறிவி("கரையை விட்டு நீங்குக")
    எதிர்பார் போலிச்_சைரன்.கேட்டது == 1

தோல்வி. எதிர்பார்த்தது 1, வந்தது 0

பட்டியலில் முதலாவதாக நின்ற தொலைபேசி வழுவோடு விழுந்தது. அந்த வழு மையத்தையே நிறுத்தியது. இரண்டாவதாக நின்ற சைரனை யாரும் கூப்பிடவில்லை. கோலம் 'சரியாக'த்தான் எழுதப்பட்டிருந்தது. வரைபடத்தோடு ஒப்பிட்டால் முழுப் புள்ளி. திருத்தம் இரண்டு வரி: ஒவ்வொரு அழைப்பையும் தனித்தனியே காத்து, விழுந்தவரைக் குறித்துவைத்து, அடுத்தவரிடம் போக வேண்டும்.

        ஒவ்வொரு அவதானி தன்.அவதானிகளில்:
            முயல்: அவதானி.கேள்(செய்தி)
            வழு எனில்: தன்.விழுந்தோரில் சேர் அவதானி

இந்த ஒரு சோதனைக்காகத்தான் இந்த அத்தியாயம் முழுவதையும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். வரைபடம் கம்பி அறுவதைக் காட்டாது.

நிஜ உலகிலும் பட்டியல் பின்னர் எழுதப்பட்டது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம். இந்து சமுத்திரத்துக்கென ஒரு சுனாமி எச்சரிக்கை ஏற்பாடும் உருவானது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது செய்தி கிழக்குக் கரைக்கு வந்தது, மக்கள் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். பெரிய அலை வரவில்லை.

மென்பொருள் பக்கத்திலும் ஒன்று நடந்தது. சுனாமி வந்த சில நாட்களிலேயே லங்கா மென்பொருள் மன்றத்தைச் சுற்றியிருந்த தன்னார்வலர்கள் சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள்: காணாமற்போனோர், முகாம்கள், வேண்டிய பொருட்கள், வந்திருக்கும் அமைப்புகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு. சிங்களத்தில் சஹன என்றால் நிவாரணம். 2005இல் காஷ்மீர்ப் பூகம்பத்தின்போது பாக்கிஸ்தானிலும், அடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. 2006க்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. முதலில் பிஎச்பியில் எழுதப்பட்டது, பின்னர் ஈடன் என்ற பெயரில் பைத்தனில் புதிதாக எழுந்தது. பதிவேடுகளைத் தனித்தனித் துண்டுகளாக வைத்திருந்ததால்தான் நாடு மாறினாலும் கழற்றி மாட்ட முடிந்தது.

கூட்டுக் கோலத்தை, அதாவது 'கொம்போசிட்'டை, சீனக்குடா எண்ணெய்க் குதங்களோடு சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரித்தானியர் கட்டியவற்றில் மிஞ்சியவை 99. 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி கீழ்த்தொகுதியில் 14 குதங்கள் லங்கா ஐஓசியிடம். மேல்தொகுதியில் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடம். ஒரு குதத்திடம் 'எத்தனை?' என்று கேட்டால் 1 என்கிறது. தொகுதியிடம் கேட்டால் தன் உறுப்புகளிடம் கேட்டுக் கூட்டிச் சொல்கிறது. கேட்பவருக்கு அது குதமா தொகுதியா என்ற கவலை இல்லை.

சோதனை குதங்கள்:
    எதிர்பார் மேல்தொகுதி.எண்ணிக்கை() == 85
    எதிர்பார் சீனக்குடா.எண்ணிக்கை() == 99

அதிலேயே ஜேயுனிட்டின் உள்ளமைப்பும் தெரிந்துவிடுகிறது. அங்கே ஒரு சோதனையும் சோதனைத் தொகுதியும் இதே கோலத்தில்தான் இருக்கின்றன: 'ஓடு' என்றால் தனிச் சோதனை தான் ஓடும், தொகுதி தன் பிள்ளைகளை ஓடவிடும்.

இத்தனை சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையையும் வைக்க வேண்டும். 1996இல் பீட்டர் நோர்விக் அந்த 23 கோலங்களையும் எடுத்துப் பார்த்து, அவற்றில் 16 கோலங்கள் லிஸ்ப், டிலன் போன்ற மொழிகளில் காணாமலே போகின்றன அல்லது மிக எளிதாகிவிடுகின்றன என்று காட்டினார். பைத்தனுக்கும் அது பொருந்தும். நம் மாறாவிதிக்கு ஒரு வகுப்பே தேவையில்லை. கணத்தை வாங்கி 5:30ஐத் திருப்பும் ஒரு செயலை மணிக்கூட்டின் கையில் கொடுத்தால் போதும். வகுப்பு இரண்டும் போய்ச் செயல் இரண்டு வரும். அப்படி மாற்றிவிட்டு எல்லாச் சோதனைகளையும் மறுபடி ஓட்டினேன். உள்ளே இருந்தவை மாறின. சோதனைகளின் எதிர்பார்ப்பு ஒன்றுகூட மாறவில்லை. எனவே மாணவர் ஒருவர் கோப்பில் எதைப் பாதுகாக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டால், வகுப்பு வரைபடத்தை அல்ல, அந்தத் திகதிகளை என்பேன்: 1942 ஏப்ரல் 9, 1996 மே 25, 2004 டிசம்பர் 26, 2006 ஏப்ரல் 15.

கடைசிச் சோதனையை வாசகரே எழுதலாம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26ஆம் திகதி காலை 9.25இலிருந்து 9.27 வரை இலங்கை முழுவதும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறது. அந்த 9.25 சுனாமி வந்த அன்று நாட்டு மணிக்கூடு காட்டிய நேரம் என்றால், கிரீன்விச்சில் அது 03:25. அதே கணத்தை இன்றைய மணிக்கூட்டில் பார்த்தால் 8.55. சம்பூரில் அன்றைக்கே அது 8.55தான்.